கைதிக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு? – வறுமைக் கோட்டின் வரலாறு

திருக்குறளில் ‘நல்குரவு’ என்று ஓர் அதிகாரம் இருப்பது நம் எல்லோருக்கும் தெரியும். நூற்றைந்தாவது அதிகாரம். வறுமை வந்தால் மனிதனுக்கு என்னவெல்லாம் ஆகும் என்பதைப் பத்துக் குறளில் வள்ளுவர் சொல்லிவிடுகிறார். ஆனால் எத்தனை படி அரிசிக்குக் கீழே போனால் ஒருவன் ஏழை, அதற்கு ஒரு பிடி மேலே இருந்தால் ஏழையில்லை என்று அவர் கோடு போடவில்லை. அவருக்கு அது வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் பசியோடு இருக்கிறானா என்று தெரிந்துகொள்ள முகத்தைப் பார்த்தால் போதும். அரசாங்கத்துக்கு முகம் தெரியாது. கோடிக்கணக்கான பேரை ஒரே சமயத்தில் பார்க்க வேண்டியிருப்பதால் அதற்கு ஓர் எண் வேணும். அந்த எண் எங்கிருந்து வந்தது, யார் போட்டது, நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கிறவர்களை அது எப்படித் தொடுகிறது என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

நான் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவன் இல்லை. வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம்; தாணேயில் அரிசி, பருப்பு வியாபாரம். கல்லாவில் உட்கார்ந்தபடியே படித்த படிப்புதான். ஆனால் அளவு, நிறை என்றால் எங்களுக்கு அது வெறும் தொழில் சமாசாரம் இல்லை. சமண இல்லறத்தார் ஏற்கும் விரதங்களில் கள்ளாமை ஒன்று. அதற்கு வரக்கூடிய குற்றங்களில் ஒன்றாக, வாங்க ஒரு படி, விற்க ஒரு படி வைத்துக்கொள்வதைச் சொல்லியிருக்கிறார்கள். தமிழில் அருங்கலச்செப்பு படித்தவர்களுக்கு இது புதிதல்ல. அப்படி வளர்ந்தவனுக்கு அரசாங்கத்தின் படி எந்தப் படி என்று பார்க்கத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

வியாபாரிகள் அளந்த வறுமை

இந்தியாவின் வறுமையை முதன்முதலாகப் பற்று வரவுக் கணக்காக எழுதிக் காட்டியவர் நம்ம பம்பாய்க்காரர், தாதாபாய் நௌரோஜி. எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1855-ல் காமா கம்பெனியின் பங்காளியாக லண்டனுக்குப் போனார். 1859-ல் சொந்தமாகப் பருத்தி வியாபாரம் தொடங்கினார். கணக்கும் தெரியும், கடையும் தெரியும். 1876-ல் கிழக்கிந்தியச் சங்கத்தின் பம்பாய்க் கிளையில் ‘இந்தியாவின் வறுமை’ என்ற கட்டுரையை வாசித்தார்.

அவர் செய்தது எளிமையான காரியம். ஒரு பக்கத்தில் வரவு: 1867-70 வாக்கில் நாட்டில் விளைந்தது, செய்தது எல்லாவற்றையும் கூட்டித் தலைக்கு வகுத்தால் வருஷத்துக்கு சுமார் 20 ரூபாய். இன்னொரு பக்கத்தில் செலவு: ஒரு மனுஷன் உயிரோடு இருக்க எவ்வளவு வேணும்? இதற்கு அவர் தன் மனதுக்குத் தோன்றிய எண்ணைப் போடவில்லை. அரசாங்கத்தின் காகிதங்களிலிருந்தே எடுத்தார். கடல் கடந்து போகும் ஒப்பந்தக் கூலிகளுக்குக் கப்பலில் என்ன கொடுக்க வேண்டும் என்று ஓர் அரசாங்க மருத்துவர் எழுதி வைத்திருந்தார்: நாளொன்றுக்கு 20 அவுன்ஸ் அரிசி, 6 அவுன்ஸ் பருப்பு, கொஞ்சம் இறைச்சி, காய்கறி, நெய், எண்ணெய், உப்பு. அதுவும் கப்பலில் வேலையில்லாமல் உட்கார்ந்து வருகிறவனுக்கான அளவு, வயலில் உழைக்கிறவனுக்கானதல்ல. இதை விலைக்கு மாற்றிப் பார்த்ததில், மாகாணத்துக்கு மாகாணம் தலைக்கு 16 ரூபாயிலிருந்து 35 ரூபாய் வரை ஆண்டுச் செலவு வந்தது. கூடவே ஜெயில் கணக்கையும் எடுத்து வைத்தார். ஒரு கைதியின் சோற்றுக்கும் துணிக்கும் சர்க்கார் செலவழிப்பது, சுதந்திரமாக நடமாடும் விவசாயியின் முழு வரவை விட அதிகம் என்பது தெரிந்தது. தாணே கோட்டை பிரிட்டிஷார் காலத்திலேயே ஜெயிலாக இருந்ததை நாம் அறிவோம். அந்தச் சுவருக்கு உள்ளே இருந்தவனுக்கு சர்க்கார் கணக்குப்படி சோறு நிச்சயம். வெளியே இருந்தவனுக்குத்தான் நிச்சயமில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லாமல் போக மனசில்லை. இங்கிலாந்தில் வறுமையை முதலில் ஒழுங்காக அளந்தவர்கள் என்று இரண்டு பேரைச் சொல்வார்கள். சார்ல்ஸ் பூத் 1886 முதல் லண்டன் தெருத் தெருவாகக் கணக்கெடுத்து, நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல் ஏழைகள் என்றார். சீபோம் ரௌண்ட்ரீ 1899-ல் யார்க் நகரத்தை வீடு வீடாகப் பார்த்து, 1901-ல் புத்தகமாகப் போட்டார். அங்கே சுமார் 28 சதவீதம். முன்னவர் கப்பல் கம்பெனி முதலாளி, பின்னவர் சாக்லேட் வியாபாரக் குடும்பம். நௌரோஜி பருத்தி. மூன்று பேரும் வியாபாரிகள்! வியாபாரி என்றாலே ஏழையைச் சுரண்டுகிறவன் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதையும் கொஞ்சம் நினைவில் வைக்கலாம். ரௌண்ட்ரீ செய்த கணக்கிலும் ஏழைகள் விடுதியில் போடும் சாப்பாடுதான் அளவுகோல். அங்கே விடுதி, இங்கே ஜெயில்.

தாது வருஷம்

நௌரோஜி கட்டுரை வாசித்த அதே சமயத்தில்தான் தெற்கே தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் இன்றைக்கும் பெரியவர்கள் வாயில் ‘தாது வருஷம்’ என்பது ஒரு பழமொழி மாதிரி வந்து விழும். 1876 முதல் 1878 வரை நீடித்தது அது. பின்னால் வந்த பஞ்சக் கமிஷனே பிரிட்டிஷ் இந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள் என்று மதிப்பிட்டது.

வறுமையை அளப்பதில் இந்தப் பஞ்சத்துக்குத் தனி இடம் உண்டு. 1877 ஜனவரியில் வைசிராய் லிட்டன், சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவரைப் பஞ்சப் பிரதிநிதியாக அனுப்பினார். செலவைக் குறைக்க வேண்டும் என்பது அவருக்கு இட்ட வேலை. நிவாரண வேலையில் நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று அவர் தீர்மானித்தார். ஒரு ராத்தல் என்றால் சுமார் 450 கிராம். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதிலும் குறைவு. ‘டெம்பிள் கூலி’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. இதை ஒரு சோதனையாகப் பார்ப்போம் என்றுதான் அவர் பேசினார். சோதனை நடந்தது ஜனங்களின் உடம்பில்.

எதிர்த்தவர் ஒரு டாக்டர். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ். ஒன்றரை ராத்தல் தானியமும், அதோடு காய்கறியும் பருப்பும் இல்லாமல் ஒரு மனிதன் வேலை செய்ய முடியாது என்று அவர் விடாமல் எழுதினார். கடைசியில் 1877 மார்ச்சில் சென்னை அரசாங்கம் பாதி தூரம் இறங்கி வந்தது: தானியம் சுமார் 570 கிராம், அதோடு ஒன்றரை அவுன்ஸ் பருப்பு. கார்னிஷ் கேட்டது அதுவும் இல்லை. ஆனாலும் ஒரு ராத்தலுக்கும் ஒன்றேகால் ராத்தலுக்கும் நடுவிலே இருந்த அந்தக் கால் ராத்தலில் எத்தனை உயிர் நின்றது என்று யார் சொல்ல முடியும்? சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச வேலையில் வெட்டப்பட்டதுதான். அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் பெயர் அதற்கு நின்றது. வெட்டினவர்கள் பெயர் எதற்கும் இல்லை.

டெம்பிளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்த வருஷமே பம்பாய் மாகாணத்துக்கு கவர்னராக வந்து சேர்ந்தார்.

1880-ல் பஞ்சக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. 1883-ல் பஞ்ச விதித்தொகுப்பு வந்தது. எப்போது பஞ்சம் என்று அறிவிப்பது, எந்த வேலைக்கு எவ்வளவு தானியம் என்பதெல்லாம் அச்சாயின. இப்படியாக சர்க்காரிடம் இரண்டு படிகள் சேர்ந்தன. ஒன்று பஞ்சப்படி, ஒன்று ஜெயில்படி.

இந்த இரண்டு படியையும் வைத்து பம்பாய்த் தொழிலாளியை அளந்து பார்த்த சம்பவம் ஒன்று நடந்தது. 1921-22-ல் பம்பாய் அரசாங்கத்தின் தொழிலாளர் அலுவலகம், பின்ட்லே ஷிராஸ் என்பவரின் மேற்பார்வையில் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவைக் கணக்கெடுத்து 1923-ல் வெளியிட்டது. ஆலைச் சங்கு ஊதிக்கொண்டிருந்த காலம். தாராவித் தோல் பட்டறைகளுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம் ஜனங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். அறிக்கை சொன்னது இதுதான்: பம்பாய்த் தொழிலாளி தின்கிற தானியம் பஞ்ச விதியில் சொன்ன மேல் அளவுக்குச் சரியாக இருக்கிறது, ஆனால் பம்பாய் ஜெயில் விதியில் சொன்ன அளவைவிடக் குறைவாக இருக்கிறது. நௌரோஜி சொல்லி ஐம்பது வருஷம் ஆகப் போகிறது, அதே கணக்கு! எழுதியது காங்கிரஸ்காரர் இல்லை, சர்க்காரின் சொந்த அதிகாரி. இந்தக் காரணத்துக்காகவே அந்த அறிக்கையை நான் மதிக்கிறேன். அளக்க ஆரம்பித்தால், அளக்கிறவனுக்கே பிடிக்காத உண்மையும் வெளியே வந்துவிடுகிறது.

இருபது ரூபாய்

சுதந்திரத்துக்கு முன்பே, 1938-ல் நேரு தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழு, ஒருவருக்கு மாதம் 15 முதல் 20 ரூபாய் வேண்டும் என்றது. 1944-ல் டாடா, பிர்லா முதலான தொழிலதிபர்கள் போட்ட பம்பாய்த் திட்டம் வருஷத்துக்கு 75 ரூபாய் என்றது. இவற்றை இத்தோடு விடுகிறேன். இவை ஆசைகளாக நின்றவை.

உண்மையான கோடு 1962-ல் பிறந்தது. திட்டக் கமிஷன் கூட்டிய ஒரு குழுவில் புணேயின் காட்கில், வி.கே.ஆர்.வி. ராவ், பம்பாயின் மினு மசானி, நம் தமிழரான பி.எஸ். லோகநாதன் முதலியோர் இருந்தார்கள். 1960-61 விலையில் ஒருவருக்கு மாதம் 20 ரூபாய், நகரத்தில் 25 ரூபாய் என்று முடிவு சொன்னார்கள். இதில் படிப்புச் செலவும் வைத்தியச் செலவும் சேராது. ஏன் என்றால் அவற்றை அரசாங்கமே கொடுத்துவிடும் என்று வைத்துக்கொண்டார்கள். இந்த ஒரு வரியை வாசகர்கள் மறக்காமல் இருக்க வேண்டும். பிள்ளைக்குப் பீஸ் கட்டியும், ஆஸ்பத்திரிக்கு மோதிரத்தை அடகு வைத்தும் வாழ்ந்தவர்களை, அந்தச் செலவே இல்லாதவர்கள் என்று வைத்து அளந்த கோடு அது. பல பத்தாண்டுகள் அந்த நினைப்பின் நிழல் போகவில்லை.

1971-ல் புணே கோகலே நிறுவனத்தின் தாண்டேகரும் ரத்தும் பட்டினியைக் கலோரியில் கணக்கிட்டார்கள்: ஒருவருக்கு நாளைக்கு 2250 கலோரி. அது கிடைக்க எவ்வளவு செலவு செய்கிறார்களோ அதுதான் கோடு. 1979-ல் அலக் குழு அதைக் கிராமத்துக்கு 2400, நகரத்துக்கு 2100 என்று பிரித்து, 1973-74 விலையில் மாதம் 49 ரூபாய் 9 காசு, 56 ரூபாய் 64 காசு என்று எழுதியது. காசு சுத்தமாகக் கணக்கு! அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. வருஷா வருஷம் விலைவாசிக் குறியீட்டை வைத்து இந்த ரூபாயை ஏற்றிக்கொண்டே போனார்களே தவிர, ஏற்றிய ரூபாய்க்கு அந்தக் கலோரி இன்னும் கிடைக்கிறதா என்று திரும்பிப் பார்க்கவில்லை. படியின் மேல் முத்திரை அப்படியே இருக்கிறது, அடியில் தேய்ந்துகொண்டே போகிறது. கடையில் இப்படிச் செய்தால் எடையளவு இன்ஸ்பெக்டர் வந்து நிற்பார்.

1993-ல் லக்டாவாலா குழு மாநிலத்துக்கு மாநிலம் தனிக்கோடு போட்டது. அவர் பம்பாய்ப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். பம்பாய் நகரத்தின் பொருளாதாரத்தையே ஆராய்ந்து புத்தகம் எழுதியவர். ஆனால் மகாராஷ்டிரத்துக்குள் நகரம் என்றால் ஒரே கோடுதான். தாணேயும் மும்பையும் கட்சிரோலியும் அதில் ஒன்றே. நம் மாதுங்கா, செம்பூர் வாடகையைக் கட்சிரோலி வாடகையோடு சேர்த்துச் சராசரி பார்த்தால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கேட்கிற விதத்தில்கூட வறுமை ஏறும், இறங்கும். குடும்பச் செலவைத் தெரிந்துகொள்ளத் தேசிய மாதிரி ஆய்வு அமைப்பின் ஆட்கள் வீடு வீடாகப் போய்க் கேட்பார்கள். போன மாதம் முப்பது நாளில் எண்ணெய் எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்டால் ஒரு கணக்கு வரும். போன ஏழு நாளில் என்று கேட்டால், அதை மாதத்துக்குப் பெருக்கும்போது வேறு கணக்கு, பெரும்பாலும் கூடுதலாக வரும். என் கடையில் பற்று வைக்கிறவர்களிடம் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாய்க்கணக்கும் நோட்டுக் கணக்கும் ஒருநாளும் ஒத்துப் போகாது. பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. மறதிக்கு ஓர் அளவு உண்டு. 1999-2000 ஆய்வில் சாப்பாட்டுச் செலவை ஏழு நாளுக்கும் முப்பது நாளுக்கும் ஒரே வீட்டில் சேர்த்துக் கேட்டார்கள். ஒரு பதில் இன்னொன்றை இழுத்துவிட்டது. 1993-94-ல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26.1 என்று வந்து நின்றது. இதில் எவ்வளவு நிஜமான இறக்கம், எவ்வளவு கேள்வியால் வந்த இறக்கம் என்று ஆங்கஸ் டீட்டன் முதலிய அறிஞர்கள் பல வருஷம் சண்டை போட்டார்கள். அவருக்கு 2015-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

2009-ல் டெண்டுல்கர் குழு வந்தது. 2004-05-ல் 27.5 சதவீதம் என்று சொல்லப்பட்ட வறுமை, அவர்கள் முறையில் 37.2 ஆனது. ஒரே வருஷம், ஒரே ஜனங்கள், ஒரே சோறு. காகிதத்தில் மட்டும் பத்துக் கோடிப் பேர் கூடுதலாக ஏழைகளானார்கள். 2014-ல் முன்னாள் ரிசர்வ் வங்கி கவர்னர் சி. ரங்கராஜன் குழு மறுபடி கோட்டை உயர்த்தி, 2011-12-க்கு டெண்டுல்கர் முறை சொன்ன 21.9 சதவீதத்துக்குப் பதில் 29.5 என்றது. அதற்குள் ஆட்சி மாறிவிட்டது. அடுத்த 2015 ஜனவரியில் திட்டக் கமிஷனே இல்லாமல் போய் நிதி ஆயோக் வந்தது. ரங்கராஜன் கோட்டை அரசாங்கம் ஏற்கவே இல்லை.

32 ரூபாய் போன இடம்

இதற்கெல்லாம் நடுவிலே 2011 செப்டம்பரில், உணவு உரிமை வழக்கில் திட்டக் கமிஷன் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தது. நகரத்தில் ஒருவருக்கு நாளைக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய் என்பது கோடு. நாடே கொதித்தது, சிரித்தது. மும்பையில் 12 ரூபாய்க்கு வயிறாரச் சாப்பிடலாம் என்று 2013-ல் ஓர் அரசியல்வாதி சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். டீயும் வடாபாவும் விற்கிறவர்கள்கூடச் சிரித்தார்கள்.

சிரித்து முடித்துவிட்டு நாம் மறந்துவிட்டோம். அந்த 32 ரூபாயை நான் பின்தொடர்ந்து பார்த்தேன். ஐந்து பேர் குடும்பத்துக்கு மாதம் 4,824 ரூபாய் என்று அந்தப் பத்திரமே கணக்குக் கொடுத்தது. பன்னிரண்டால் பெருக்குங்கள்: வருஷத்துக்கு 57,888. இப்போது இன்னொரு காகிதத்தை எடுங்கள். 2013-ல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2014 பிப்ரவரி 1 முதல் மகாராஷ்டிரம் அதை அமல்படுத்தியது. நகரத்தில் முன்னுரிமைக் குடும்பம் என்று சேர வேண்டுமானால் ஆண்டு வருமானம் 59,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்தார்கள், கிராமத்தில் 44,000. பத்து வருஷம் கழித்து 2024-லும் நகரத்துக்கு அதே 59,000-தான். நாம் கேலி செய்த 32 ரூபாய் எங்கும் போகவில்லை. ஏறக்குறைய அதே உயரத்தில் ரேஷன் விண்ணப்பத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு முன்னால் இன்னும் மோசம். 1997-ல் மத்திய அரசு ரேஷனை எல்லோருக்கும் என்பதிலிருந்து மாற்றி, வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தது. மகாராஷ்டிரத்தில் 1999 மே 1 முதல் அட்டைகள் மூன்று நிறமாயின. வருஷ வருமானம் 15,000 ரூபாய்க்குள் இருந்தால் மஞ்சள், ஒரு லட்சம் வரை காவி, அதற்கு மேல் வெள்ளை. வீட்டில் டெலிபோன் இருந்தால் மஞ்சள் கிடையாது. குடும்பத்துக்கே மாதம் 1,250 ரூபாய், நாளைக்கு 41 ரூபாய்! மும்பையில், தாணேயில், ஒரு நாள் கூலி வேலைக்குப் போகிற ஒரே ஒரு ஆள் இருந்தாலும் இந்த வரம்பு தாண்டிவிடும். தாராவி அளவு பெரிய இடத்தில் மஞ்சள் அட்டை கிடைத்த குடும்பங்கள் மிகச் சொற்பம் என்று அப்போதே ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். ஆசியாவின் பெரிய சேரி என்று உலகமெல்லாம் படம் பிடித்துக் காட்டுகிற இடத்தில், சர்க்கார் கணக்குப்படி ஏழைகளே கிட்டத்தட்ட இல்லை.

அந்தச் சமயத்தில் இட்லி சுட்டு விற்கிற ஒரு தென்காசிப் பக்கத்து அம்மாள் படிவத்தோடு என் கடைக்கு வந்தார். “அண்ணாச்சி, வருமானம்னு போட்ட கட்டத்துல என்ன எழுதணும்?” என்றார். நான் அவரிடமே கேட்டுக் கணக்குப் போட்டேன். அரிசி, உளுந்து, மண்ணெண்ணெய் போக வருஷத்துக்கு இருபதாயிரம் சொச்சம் நின்றது. அதை எழுதினால் காவி அட்டை. மஞ்சள் அட்டைக்காரருக்குக் கொடுக்கும் விலையில் அரிசி கிடையாது. “அப்போ குறைச்சுப் போடுங்க, எல்லாரும் அப்படித்தானே போடுறாங்க” என்றார். “என் கையால் வேண்டாம் தங்கச்சி, எங்களுக்கு அது ஆகாது” என்று பேனாவை அவரிடமே கொடுத்தேன். கொஞ்ச நேரம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இருபதாயிரம் என்றே எழுதினார். “ஊர்ல என் மாமியாருக்குக் கேட்காமலே கொடுக்கிறாங்க அண்ணாச்சி, இங்க ஏன் இப்படி?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

பொருளாதார நிபுணர்கள் பல பக்கம் எழுதிய விஷயத்தை அவர் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார். 1997-ல் நாடு முழுக்க ஏழை, ஏழையல்லாதவர் என்று பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்க மறுத்தது. அரிசி அட்டை யாரிடம் இருந்தாலும் அரிசி. 2006-ல் கிலோ இரண்டு ரூபாய், 2008-ல் ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். கட்சி மாறினாலும் இது மாறவில்லை. வசதியானவர்களும் வாங்குகிறார்கள், கடத்தல் நடக்கிறது என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் கோடு போட்டுப் பிரிக்கும்போது இரண்டு விதமான தப்பு நடக்கும். பணக்காரன் உள்ளே நுழைவது ஒன்று, ஏழை வெளியே நிற்பது ஒன்று. முதல் தப்பில் சர்க்காருக்குக் கொஞ்சம் பணம் போகும். இரண்டாவது தப்பில் ஒரு வீட்டில் அடுப்பு எரியாது. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

வேறொரு குழப்பத்தையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். மாதிரி ஆய்வு, ஒரு மாநிலத்தில் ஏழைகள் எத்தனை பேர் என்று மட்டும்தான் சொல்லும். யார் யார் என்று சொல்லாது. யார் என்பதற்குத் தனியாகப் பட்டியல் எடுப்பார்கள். கிராமங்களில் 2002-ல் எடுத்த பட்டியலில் 13 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மார்க், மொத்தம் 52. உடுத்தும் துணி எத்தனை என்பது ஒரு கேள்வி. வீட்டிலிருந்து ஆள் பிழைக்க வெளியூர் போயிருந்தால் என்ன காரணத்துக்காகப் போனார் என்பதும் ஒரு கேள்வி. நம்மில் எத்தனை பேர் தாதர் ஸ்டேஷனில் இறங்கியதால் ஊரில் நம் வீட்டு மார்க் மாறியதோ! பட்டியலில் எத்தனை பேர் வந்தாலும், ஆய்வு சொன்ன எண்ணிக்கைக்குள்தான் அடங்க வேண்டும் என்பதுதான் நடைமுறை. எண் முதலில், முகம் பிறகு.

உணவுச் சட்டத்திலும் இதே கதைதான். 2011-12 செலவு ஆய்வை வைத்து மாநிலத்துக்கு மாநிலம் விகிதம் வகுத்தார்கள். மகாராஷ்டிரத்தில் கிராமத்தில் 76.32 சதவீதம், நகரத்தில் 45.34 சதவீதம்; மொத்தம் சுமார் 7 கோடிப் பேர். தமிழ்நாட்டில் வறுமை குறைவு என்பதால் கிராமத்தில் 62.55, நகரத்தில் 37.79 மட்டும். ஜனத்தொகைக்கு 2011 கணக்கெடுப்பைத்தான் எடுத்தார்கள். 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும் வந்து சேர்ந்த ஜனங்களுக்கும் அந்த எண்ணிக்கையில் இடம் இல்லாமலே வருஷங்கள் போயின. 2017-18 செலவு ஆய்வை எடுத்தும் அரசாங்கம் வெளியிடவில்லை. 2022-23 ஆய்வு வந்தது, ஆனால் கேட்கும் முறையை மறுபடி மாற்றிவிட்டார்கள். பழைய எண்ணோடு நேராக ஒப்பிட முடியாது. நிதி ஆயோக் ரூபாயை விட்டுவிட்டுப் படிப்பு, சத்துணவு, கழிப்பறை, வங்கிக் கணக்கு என்று 12 குறியீடுகளால் அளந்து, 2019-21-ல் நாட்டில் 14.96 சதவீதம், மகாராஷ்டிரத்தில் 7.81, தமிழ்நாட்டில் 2.20 என்றது. 2025 ஜூனில் உலக வங்கி நாளைக்கு மூன்று டாலர் என்று கோட்டை ஏற்றியும், 2022-23-ல் இந்தியாவில் 5.3 சதவீதம்தான் என்றது. வறுமை நிஜமாகவே குறைந்திருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. முப்பது வருஷத்துக்கு முன் கால் கிலோ பருப்புக்குக் கடன் சொன்ன வீட்டுப் பிள்ளைகள் இன்று மூட்டையாக வாங்குகிறார்கள். ஆனால் எந்த எண் எந்தக் காகிதத்தில் உட்கார்ந்து யாருடைய அரிசியைத் தீர்மானிக்கிறது என்பது வேறு கேள்வி.

ஊரில் அட்டை வைத்துவிட்டு இங்கே வேலை செய்கிற அன்பர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இதிலிருந்தே வருகிறது. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ ஏற்பாடு 2019-ல் தொடங்கி, 2020 அக்டோபரில் தமிழ்நாடும் சேர்ந்து, 2022-ல் எல்லா மாநிலத்துக்கும் வந்துவிட்டது. அதன்படி ஊர் அட்டையைக் காட்டிக் கைரேகை வைத்தால் தாணேயிலும் தானியம் வாங்கலாம். ஆனால் இது மத்தியச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும். தமிழ்நாட்டு ஸ்மார்ட் அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் ‘பி.எச்.எச்.’ என்று குறி இருந்தால் ஆளுக்கு ஐந்து கிலோ இங்கேயும் கிடைக்கும். முன்னால் ஓர் ‘என்’ சேர்ந்து ‘என்.பி.எச்.எச்.’ என்று இருந்தால், அந்த அரிசி தமிழ்நாட்டு அரசு தன் கணக்கில் கொடுப்பது; ஊருக்குப் போனால் உண்டு, இங்கே கிடையாது.